நான் சொன்ன றேஸ் வேறு

யூலை 9, செவ்வாய்

சோழகக் காற்று. விடிந்ததிலிருந்து மணல். ரீற்றா முற்றம் கூட்டி முடித்து நிமிர்ந்தபோது, கூட்டத் தொடங்கிய இடம் மறுபடி மூடிக் கிடந்தது. விளக்குமாற்றை வேலியோடு சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். காற்றுக்கும் நான்தான் பொறுப்பு. கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான்.

இன்றைய வேலை: காப்புறுதிக் கொம்பனிக்கு மறுபடி ரெலிபோன் எடுப்பது. அங்கே பேசுகிற ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்கிறார்கள். நானும் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆகவே நடந்ததை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன், பார்த்துச் சொல்ல.

மகள் டிலானி. வயது 23. என்னைவிட நன்றாகக் கார் ஓட்டுவாள். இதை அவளுக்குச் சொன்னதில்லை. மன்னாரில் லேர்னர்ஸ் நடத்துகிற ஜெயம் அண்ணை அவளிடம் சொன்னது: "பொம்பிளைப் பிள்ளையள் கார் பழக வருகினம். பழக்க ஒரு பொம்பிளை இல்லை. தெற்கில ஒரு இடத்தில ரெண்டு நாள் படிப்பு இருக்காம். அந்தச் சான்றிதழோட வா பிள்ளை. அடுத்த நாளே வேலை."

சாதாரணப் படிப்பு இல்லை. கார்ப் பந்தயம் ஓடுகிற பாதையிலேயே பழக்குவார்களாம். தண்ணீர் ஊற்றி வழுக்க விடுவது, திடீர்ப் பிறேக், வேகமாக வந்து வளைவது. சொந்தக் கார் கொண்டுபோக வேண்டும். அவளிடம் கார் இல்லை. என்னிடம் இருந்தது. "இருந்தது" என்று எழுதக் கை கூசுகிறது.

ஞாயிறு பின்னேரம் ரெலிபோன். "அப்பா, காரை அடிச்சிட்டன்." அழுகை. ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை, மடு மாதாவுக்குத் தோத்திரம். ரயர் அடுக்கிக் கட்டிய சுவரில் கார் முன்பக்கமாகப் போய் ஏறியிருக்கிறது. நான் உடனே, குடும்பத்தலைவன் என்றபடியால், கொம்பனி இலக்கத்துக்கு அடித்தேன். மற்றப் பக்கத்தில் ஒரு பெடியன், கொழும்புத் தமிழ்.

"என்ன நடந்திச்சு ஐயா?"

என்ன நடந்ததென்று எனக்கு எங்கே தெரியும். நான் பேசாலையில், சாரத்தோடு, தேத்தண்ணிக் கோப்பை கையில். என்றாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"பிறேக்கில வைக்கவேண்டிய கால். கொஞ்சம் றேஸ் குடுத்திட்டாள் போல."

"ரேஸா ஐயா?"

"ஓம் தம்பி, றேஸ்தான். சின்னப் பிள்ளைதானே."

பெடியன் எழுதுகிற சத்தம் கேட்டது. கெட்டிக்காரன், எல்லாவற்றையும் எழுதுகிறான் என்று நினைத்தேன்.

கார் நேற்று லொறியில் வந்து சவரி பாஸின் கராஜில் இறங்கியது. சேதம், அவர் சொல்லச் சொல்ல எழுதியது:

பம்பர் – இல்லை.
பொனற் – "மடிச்ச பாய்."
றேடியேற்றர் – ஓட்டை.
இடப்பக்க லைற் – தூள். வலப்பக்கம் தப்பியது. "அது முந்தியே எரியாதுதானே அண்ணை."

உயிலங்குளம் பள்ளிக்கூடத்துக்கு என் காரில் போகிற நாலு ரீச்சர்மாரும் இன்று பஸ்ஸில். ஆவணி பிறந்தால் மடுப் பெருநாள், யாத்திரைக்காரரின் ஓட்டம். வருடத்தில் அந்த இரண்டு கிழமைதான் கார் என்னை வைத்துப் பார்க்கிறது. மிச்ச நாள் நான் அதை.

யூலை 11, வியாழன்

காற்று அதே. கொம்பனியிடமிருந்து ரெலிபோனுக்கு ஒரு செய்தி, ஆங்கிலத்தில். நான் ஓ.எல். இரண்டு தரம் எழுதி, மூன்றாம் தரம் பரீட்சைக்காரர் பாவமென்று விட்டவன். டிலானி வாசித்தாள். "விசாரிக்கினமாம் அப்பா." ரெலிபோனைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போனாள்.

மன்னார்க் கிளைக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருக்கிற மிஸ் டிலானியைவிட இரண்டு மூன்று வயது கூட இருப்பார். கம்பியூற்றரைத் திருப்பிக் காட்டினார். இரண்டு வரி. அதில் 'டோட்டர்', அதாவது மகள், நானே வாசித்தேன். அடுத்த சொல்லை மிஸ் வாசித்தார்.

"றேஸிங் எண்டு கிடக்கு ஐயா. மகள் பந்தயம் ஓடினவ எண்டு நீங்களே சொன்னீங்களாம்."

"நான் சொன்ன றேஸ் வேறை மிஸ்."

"என்ன றேஸ்?"

கதிரையில் இருந்தபடியே வலக்காலால் நிலத்தை மிதித்து, வாயால் எஞ்சின் சத்தமும் போட்டுக் காட்டினேன். பின்னால் இருந்த ஒரு அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். மிஸ் சிரிப்பை அடக்க மேசை லாச்சியைத் திறந்து எதையோ தேடினார்.

"எனக்கு விளங்குது ஐயா. எங்கட அப்பாவும் அக்சிலேற்றர் மிதிக்கிறதை அப்பிடித்தான் சொல்லுறவர். ஆனா எனக்கு விளங்கிக் காரியமில்லையே. கொழும்பில வாசிக்கிறவைக்கு விளங்கோணும்."

பிறகு என் காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு இடத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தந்தார். பந்தயப் பாதையில் பழகியது மட்டும் என்றால் எனக்காகக் கதைத்துப் பார்க்கலாமாம். போட்டிக்கு ஓடினாலோ, மணிக்கூடு பிடித்து ஓடினாலோ ஒரு சதமும் இல்லையாம்.

"அப்பிடி ஒண்டும் இல்லைதானே ஐயா?"

"சீச்சீ. பிறேக் பிடிக்கப் பழகப் போன பிள்ளை."

"போக முன்னம் ஒரு சொல்லு எங்களிட்டக் கேட்டிருக்கலாம். இப்பிடிப் படிக்கப் போற ஆக்களுக்கு அந்த ரெண்டு நாளுக்கு மட்டும் தனிக் காப்புறுதி எடுக்கலாம்."

"ஆர் மிஸ் அப்பிடி முந்திக் கேக்கிறது?"

"ஒருத்தரும் கேக்கிறேல்லை," என்றார் மிஸ். அதில் அவருக்கும் கவலைதான்.

வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பென்சில் கோட்டை வாசித்தேன். வாகனமானது பந்தயம், வேகம் உண்டாக்குதல், நம்பகச் சோதனை, நேரத்தால் அளக்கப்படும் ஓட்டம் ஆகியவற்றில் ஈடுபட்டிருக்கையில் உண்டாகும் நட்டம் கொடுபடாது.

வேகம் உண்டாக்குதல் கூடாதென்றால் காரை என்ன செய்வது. நிறுத்திக் கழுவிக்கொண்டிருக்கவா. நம்பகச் சோதனை என்னவென்று விளங்கவில்லை. எனக்கு இப்போது நடப்பதாக இருக்கலாம்.

டிலானி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"பிறேக் பாடத்திலதானே பிள்ளை அடிபட்டது?"

"ம்."

சான்றிதழ் வந்ததா என்றும் கேட்டேன். "தபாலில வரும்."

யூலை 13, சனி

இன்று எனக்கு இலவசமாகக் கிடைத்த புத்திமதி:

சவரி பாஸ்: "கழுதை குறுக்கால வந்தது எண்டு சொல்லுங்கோ அண்ணை."

மீன் கொண்டுவந்த மனிசன்: கழுதை.

பூசை முடிந்து வாசலில் பீற்றர் மாஸ்ரர்: "இரவு, தள்ளாடிப் பாலத்தடி, கழுதை." மாஸ்ரர் படித்தவர், இடமும் நேரமும் சேர்த்துத் தந்தார்.

ரீற்றா: "ஊரே சொல்லுது. மன்னாரில கழுதை அடிச்சது எண்டால் ஆர் இல்லை எண்டு சொல்லுவான்?"

"கார் அடிபட்டது மன்னாரில இல்லையே."

"அதுக்கு?"

"அந்தப் பக்கம் கழுதையே இல்லை ரீற்றா. இஞ்சையிருந்து பிள்ளை ஏத்திக்கொண்டு போனவளோ?"

மீன் வெட்டுகிற கத்தியை அலம்பி வைத்துவிட்டுச் சொன்னாள்: "காரைக் குடுக்காதேங்கோ எண்டு அண்டைக்கே சொன்னனான்." சொல்லவில்லை. அன்றைக்கு அவள் செபமாலை ஒன்றைக் கண்ணாடியில் கொழுவி, பாண் சம்பல் பார்சல் கட்டிக் கொடுத்தவள். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நாலு ரீச்சர்மாரில் இரண்டு பேர் வேறு வான் பிடித்துவிட்டார்கள். கவலைப்பட வேண்டாமாம், கார் சரிவந்தால் திரும்பி வருவார்களாம். அந்த வானுக்கு ஏசி உண்டு. வரமாட்டார்கள்.

டிலானி ஏழு நாளாக எந்த வாகனத்திலும் ஸ்ரியறிங் பக்கம் இருக்கவில்லை. பெரியப்பா மகனின் ஓட்டோவை ஒதுக்கி விடச் சொன்னதற்கு, "நீங்களே விடுங்கோ" என்றுவிட்டுப் போனாள். ஒன்பது வயதிலேயே என் மடியில் இருந்து ஸ்ரியறிங் பிடித்தவள். இன்னும் பயம் போகவில்லை போல.

யூலை 16, செவ்வாய்

பல் குத்து. கராம்பு வைத்தேன். கராம்போடு கொழும்புக்குக் கதைத்தது பிழை.

முதலில் பெட்டிக் குரல். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு. இரண்டை அழுத்தினேன். பாட்டு. பாட்டு முடிய, சிங்களத்தில் ஒரு ஆள். அவர் திரும்பவும் பாட்டுக்கு அனுப்பினார். நாலாம் தரம் ஒரு தமிழ்ப் பிள்ளை.

"ஐயாதான் ரேஸ்னு ஒத்துக்கிட்டீங்களே. ரெக்கோட் இருக்கு."

"பிள்ளை, காருக்கு றேஸ் குடுக்கிறது எண்டால் என்ன?"

"பந்தயம் ஓட விடுறது."

"இல்லை. ஸ்ராட் பண்ணி, காலால ஒரு அமத்து அமத்தினால் ஊஊ எண்டு கத்துதே, அது."

"ஐயா, வாயில ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

எழுத்தில் தரட்டாம். நாலு தாள் கிழித்தேன். கடைசியில் அனுப்பியது: 'ஐயா, எங்கள் பகுதியில் றேஸ் என்பது ஓட்டமல்ல, மிதியாகும்.' டிலானியிடம் காட்டினேன், எழுத்துப் பிழை பார்க்க. வெகுநேரம் பார்த்தாள். பிழை இல்லையாம். இவ்வளவு சின்னக் கடிதத்தில் அவ்வளவு நேரம் என்னத்தைப் பார்த்தாளோ.

யூலை 18, வியாழன்

நல்ல நாள். கொஞ்சம் விரிவாக.

மதிப்பீட்டாளர் வவுனியாவிலிருந்து வந்தார். சிங்கள மனிசன், கட்டை, வெயிலுக்குத் தொப்பி. தமிழ் கொஞ்சம் பேசுவார். எனக்குச் சிங்களமும் அந்தளவுதான். இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியது கார்ச் சாமான்களின் பெயர்கள். அது போதுமாக இருந்தது.

படம் எடுத்தார். குனிந்தார், எழுதினார். பிறகு சவரி பாஸ் எஞ்சினை ஸ்ராட் பண்ண, இவர் முன்னால் நின்று காதைக் கொடுத்துக் கையைக் காட்டினார்.

"ரேஸ் கரன்ன."

சவரி பாஸ் அமத்தினார். எஞ்சின் கத்தியது.

"தவ டிக்கக் ரேஸ் கரன்ன." இன்னும் கொஞ்சமாம்.

ஓடிப்போய் மனிசனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாத்தையா, இப்ப சொன்னனீங்கள்தானே ரேஸ், அதுதான் நான் சொன்ன றேஸ். கொழும்பில இருக்கிற தமிழாக்களுக்கு விளங்குதில்லை."

பிறகு விளங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சவரி பாஸ் சிரித்தார். பன்னிரண்டு நாளாக என் தமிழைக் கொழும்பில் ஒரு தமிழனும் எடுக்கவில்லை. எடுக்க ஒரு சிங்கள மனிசன் வவுனியாவிலிருந்து வர வேண்டியிருந்தது.

"ஹரி ஹரி." சரியாம். "நான் எழுதுறது. ரேஸ் இல்ல, அக்சிலேட்டர்."

போகும்போது முன் ரயர் இரண்டையும் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் ஓரம் தேய்ந்திருக்கிறது. சிரிப்பு நின்றது. கைமணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஐயா, அங்க டைம் பாத்ததா?"

"இல்லை மாத்தையா. அந்தோனியார் ஆணை, இல்லை."

அந்தோனியார் எனக்குப் பெயர் தந்தவர். அவரைச் சும்மா இழுப்பதில்லை.

வீட்டில் வந்து 'ரேஸ் கரன்ன' கதையை நடித்துக் காட்டினேன். ரீற்றா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டிலானி தண்ணி அள்ளப் போய்விட்டாள். தொட்டி நிரம்பியிருந்தது.

யூலை 20, சனி

மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்ததா என்று கேட்க மன்னாருக்குப் போனேன். கந்தோர் பூட்டு. போயா விடுமுறை. கலண்டரில் முழு நிலவு போட்டிருக்கிறது, நான் பார்க்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் இன்னும் ஒரு ஆள் நின்றார். அவரும் பார்க்கவில்லையாம். இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஜெயம் அண்ணையைச் சந்தியில் கண்டேன்.

"என்ன அன்ரன், மகள் வாறாவோ இல்லையோ? ரெண்டு தரம் அடிச்சனான், எடுக்கிறா இல்லை. ஆவணியில ஏழு பொம்பிளையள் பழக வருகினம். நான் வேறை ஆளைப் பார்க்கவோ?"

"சான்றிதழ் வரேல்லை அண்ணை. வந்த உடனை வருவாள்."

"குடுத்திட்டம் எண்டெல்லோ அந்த ஸ்கூல்காரர் எனக்குச் சொன்னவை. அண்டைக்கே எல்லாருக்கும் கையில குடுத்தவையாம்."

தபால் என்றாளே. ஜெயம் அண்ணை வேறு யாரோடோ மாறிக் கதைக்கிறார் போல. கேட்க வேண்டும்.

கேட்கவில்லை. வந்தபோது டிலானி தலையிடி என்று படுத்திருந்தாள்.

யூலை 24, புதன்

கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். தமிழில் என் பெயர் மட்டும், அதுவும் 'அண்டன்'.

பஸ் நிலையத்தில் பழக்கடை வைத்திருக்கிற முசலி நசீர் நானாவிடம் கொண்டுபோனேன். புத்தளத்தில் வளர்ந்தவர், சிங்களம் தண்ணீர் மாதிரி. ஒரு தரம் தனக்குள் வாசித்தார். பிறகு இன்னொரு தரம்.

"நானா, என்னவாம்?"

"பொறும். தருகினமாம்."

"தருகினமோ?"

"ரெண்டு சாமான் கேக்கிறாங்க. ஒண்டு, மகள் கந்தோருக்கு வந்து, போட்டி ஓடேல்லை, நேரம் பிடிச்சு ஓடேல்லை எண்டு கையெழுத்து வைக்கோணும். மற்றது, அந்தப் படிப்பின்ர சான்றிதழ், ஒரு கொப்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள."

ஒரு சீப்பு வாழைப்பழமும் தந்தார். காசு வாங்கவில்லை.

ரீற்றா விளைமீன் வாங்கிச் சொதி வைத்தாள். சவரி பாஸுக்குச் சொன்னேன், பொனற்றுக்கு ஆள் பார்க்கச் சொல்லி. உயிலங்குளம் ரீச்சர் ஒருவருக்கும் சொன்னேன். "பார்ப்பம்" என்றார்.

டிலானி சோறு அளைந்துகொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வெள்ளனப் போவம் பிள்ளை. சான்றிதழை எடுத்து வை."

"வரேல்லையே அப்பா."

"கையில குடுத்தவையாம் எண்டு ஜெயம் அண்ணை சொன்னார்."

தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தேடிப் பார்க்கிறன்."

யூலை 26, வெள்ளி

ஒழுங்காக எழுத வேண்டும். பஸ்ஸில் இருந்து இறங்கி நேராக இதைத்தான் எடுத்தேன், முகம்கூடக் கழுவவில்லை.

காலையில் மிஸ் எங்களைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டார். நான் பழைய ஆள் ஆகிவிட்டேன் அந்தக் கந்தோரில். தாளைத் தந்தார், தமிழில் அடித்தது. போட்டி ஓடவில்லை. நேரம் அளக்கப்படவில்லை. கீழே ஒரு கோடு.

"இதில வையுங்கோ தங்கச்சி. சான்றிதழ்?"

"வீட்டில விட்டிட்டன்," என்றாள் டிலானி.

"பரவாயில்லை. இல்லாட்டில், சான்றிதழ் தரேல்லை எண்டு இன்னொரு வரி எழுதி அதுக்கும் ஒரு கையெழுத்து வையுங்கோ. கதை முடிஞ்சுது."

பேனையை எடுத்தாள். வைத்தாள். "அப்பா, ஒருக்கா வெளியில வாங்கோ."

வெளியில் வெயில். மதிலோடு இரண்டு கழுதை நிழலுக்கு நின்றது. அதுகளுக்குப் பக்கத்தில் மிச்சமாய் இருந்த நிழலில் நாங்கள்.

"பிறேக் பாடம் இல்லை அப்பா. ரெண்டாம் நாள் கடைசி மணித்தியாலம், விருப்பமான ஆக்கள் ஓடலாம் எண்டவை. மூண்டு மூண்டு காராய் விட்டவை. மணிக்கூடு பிடிச்சவை. நானும் போனனான்."

நான் கழுதைகளைப் பார்த்தேன்.

"அடிபட முன்னம் ஓடின சுத்தின்ர நேரம் சான்றிதழிலயும் அடிச்சுக் கிடக்கு. அதுதான் காட்டேல்லை. இஞ்சை கையெழுத்து வைச்சால் அதை ஒருத்தருக்கும் காட்டேலாது. ஜெயம் அண்ணைக்குக் காட்டினால் ஒரு கிழமையில இஞ்சை தெரியவரும். காரோ வேலையோ, ரெண்டில ஒண்டுதான் அப்பா."

"ஏன் பிள்ளை முந்திச் சொல்லேல்லை?"

"நீங்கள் போனில றேஸ் எண்டு சொல்லிப்போட்டீங்கள் எண்டதும், உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு எண்டு நினைச்சுப் பயந்துபோனன். பிறகு பார்த்தால் நீங்கள் இல்லை எண்டு ஊர் முழுக்கச் சண்டை பிடிக்கிறீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

இருபது நாள். கிழித்த தாள், கராம்பு, பாட்டு, அந்தோனியார். சொன்னேன், எழுத வெட்கம், என்றாலும் சொன்னதைச் சொல்ல வேண்டும்: "போய் வைச்சிட்டு வா. ஜெயம் அண்ணையைப் பிறகு பார்ப்பம்."

"பொய் சொல்ல ஏலாது எண்டில்லை அப்பா. உங்களுக்கு ரெண்டரைக் கிழமையாச் சொன்னனான்தானே. களைச்சுப்போனன்," என்றாள். பிறகு, "சரி" என்றாள்.

உள்ளே போனோம். உட்கார்ந்தாள். பேனையை எடுத்தாள். என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, புள்ளி வைத்தாள். அடுத்தது அவள் பெயர். பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுகிற மாதிரி, மெதுவாக, கையெழுத்து மாதிரியே இல்லாமல். 'டி' வரைக்கும் போனாள்.

நான் தாளின்மேல் கையை வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று இப்போதும் தெரியாது. ரீற்றா கேட்பாள். அதற்குள் ஒரு காரணம் யோசிக்க வேண்டும்.

"மிஸ், விடுங்கோ. அது றேஸ்தான்."

"எந்த றேஸ் ஐயா?"

"உங்கட றேஸ்."

மிஸ் என்னைப் பார்த்தார், டிலானியைப் பார்த்தார். கொம்பனி ஆள், கோபப்பட வேண்டும். படவில்லை. தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"நீங்களாத் திருப்பி எடுத்தது எண்டு போடுறன். மறுத்தது எண்டு போட்டால் அடுத்த வருசம் உங்களுக்குத்தான் கரைச்சல்." பிறகு மெதுவாக டிலானியிடம்: "அடுத்த முறை போக முன்னம் எனக்கு ஒரு கோல் எடுங்கோ தங்கச்சி. அந்த நாளுக்கெண்டு காப்பு எடுத்துத் தாறன்."

அடுத்த முறையாம். நான் கதவடியில் நின்று செருப்புத் தேடினேன். காலில்தான் இருந்தது.

பஸ். கண்டக்டர் பின்னுக்குப் போகச் சொல்லிக் கத்தினான். இரண்டு பேருக்கும் கடைசி ஆசனம். செய்ய வேண்டியது என்று மனதுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்: சவரி பாஸிடம் பழைய பொனற் ஒன்று, எந்த நிறமானாலும். ரீச்சருக்கு இல்லை என்று சொல்வது. மதிப்பீட்டாளருக்கு என்ன சொல்வது, தெரியாது. அந்தோனியாருக்கு அதைவிடத் தெரியாது.

எருக்கலம்பிட்டிப் பக்கம் போகும்போது டிலானி கைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்துத் தந்தாள். நாலாக மடித்திருந்தாள். மடிப்பு அழுக்கு. தங்க எழுத்தில் பெயர். ஆங்கிலத்தில் ஏழெட்டுப் பாடத்தின் பெயர், எல்லாவற்றுக்கும் நேரே சரி அடையாளம். அடியில் ஒரு வரி, அதில் இலக்கங்கள், புள்ளியெல்லாம் போட்டு.

"மடிப்பை நிமித்தித் திங்கட்கிழமை ஜெயம் அண்ணையிட்டக் கொண்டுபோ."

"ஓம் அப்பா."

"அம்மாவுக்கு நான் சொல்லுறன். நீ வாய் திறக்காதை."

"ஓம்."

நான் கோபமாகத்தான் இருந்தேன். கோபமாக இருக்கும்போதே வாய் கேட்டுவிட்டது.

"மூண்டு கார் எண்டனீ. உனக்கு முன்னுக்கு ஆர் போனது?"

டிலானி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டவெளியும் தாண்டிவிட்டது.

"முன்னுக்கு ஒருத்தரும் இல்லை அப்பா. பின்னுக்கு வாறவன் எவ்வளவு தூரத்தில வாறான் எண்டு கண்ணாடியில பார்த்தனான். அதுக்குள்ளை வளைவு வந்திட்டுது."

நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ்ஸில் முழுக்கத் தெரிந்த முகங்கள், பீற்றர் மாஸ்ரர் உட்பட. காரும் இல்லாமல், காப்புறுதியும் இல்லாமல் வருகிற தகப்பன் அப்படிச் சிரித்துக்கொண்டு வருவது சரியில்லை. இறங்குமட்டும் அவளோடு கதைக்கவில்லை.